வாங்காதவன் கையில் இருக்கும் உடுப்பு

தலவாக்கலையில் ஏறினால், லிந்துலை, அக்கரப்பத்தனை என்று தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி வரும் பஸ் டயகமவில் நின்றுவிடும். அதற்கு மேலே காடு, காட்டுக்கு மேலே ஹோட்டன் சமவெளி. அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆக்ரா ஓயா தோட்டங்களின் ஊடாக இறங்கி, கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் கலக்கிறது. மலை மடிப்புகளுக்குள் இருக்கும் லயங்களில் சிக்னல் ஒரு வாசலில் கிடைக்கும், அடுத்த வாசலில் கிடைக்காது. பாடசாலை விட்டு வந்த பையன்கள் அது கிடைக்கிற இடமாகப் பார்த்துக் கூடுகிறார்கள். கையில் அம்மாவின் போன். திரையில் ஃப்ரீ ஃபயர்.

கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று கடன்பட்டுப் போன் வாங்கிய வீடுகள் மலையகத்தில் ஏராளம். பாடசாலை திறந்த பிறகும் போன் வீட்டில் இருந்தது. 50 பேர் ஒரு தீவில் குதித்து, பத்து நிமிடத்துக்குள் கடைசியாக ஒருவர் மட்டும் மிஞ்சும் ஆட்டம் அதற்குள் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரின் கரேனா கொம்பனி 2017இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, நினைவகம் குறைந்த மலிவுப் போன்களிலும் ஓடும்படி செய்யப்பட்டது. 2021இல் ஒரே நாளில் 15 கோடிப் பேர் விளையாடும் உச்சத்தை அது தொட்டது.

விளையாடக் காசு தேவையில்லை. காசு தேவைப்படுவது உடுப்புக்குத்தான். சும்மா வருகிறவருக்கு ஆடம், ஈவ் என்ற இரண்டு சாதாரண உருவங்கள் உண்டு. எதிரில் வருகிறவனோ ஒளிவிடும் சிறகும், நெருப்புத் தலையும், தங்கக் கவசமுமாக வருகிறான்.

"அந்த உடுப்பப் போட்டா குண்டு படாதாண்ணே?"

"படும்."

"பொறகு ஏன்ணே அவ்வளவு வெல?"

இந்தக் கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. சில துப்பாக்கித் தோற்றங்கள் சுடும் வேகத்தையோ தாக்கத்தையோ சற்றுக் கூட்டுவதுண்டு. உடுப்பு எதையும் கூட்டுவதில்லை. ஓட்டம் அதே ஓட்டம், உயிர் அதே உயிர். எதற்கும் உதவாத ஒரு பொருளுக்கு இவ்வளவு விலை எப்படி வந்தது, அந்த விலையைப் பார்த்து வாங்க முடியாதவனுக்கு மட்டுமல்ல, வாங்கியவனுக்கும் ஏன் கோபம் வருகிறது? பதில் தேடிப் போனால் கணினி வரைகலை, விலங்கியல், உளவியல் என்று மூன்று துறைகளுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. முதலில் போனுக்குள் போவோம். வியப்பான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

திரையில் தெரியும் மனிதன் சில ஆயிரம் முக்கோணங்களால் ஆனவன். முகம், முழங்கை, சட்டை மடிப்பு எல்லாமே சிறு முக்கோணங்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓர் எலும்புக்கூடு உண்டு. எலும்பு அசையும்போது அதோடு பிணைக்கப்பட்ட முக்கோண முனைகள் எங்கே போக வேண்டும் என்று போன் ஒவ்வொரு முறையும் கணக்கிடுகிறது. இந்த வடிவத்தின் மேல் ஒரு தட்டையான படம் சுற்றப்படுகிறது. நிறம், பூவேலை, தங்கச் சரிகை எல்லாம் அந்தப் படத்தில் இருக்கின்றன. 1,024க்கு 1,024 புள்ளிகள் கொண்ட ஒரு படம் என்றால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறப்புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 4 மெகாபைட். மலிவுப் போன் இதைத் தாங்காது. அதனால் 2012இல் வந்த ஏ.எஸ்.டி.சி. என்ற சுருக்கும் முறை, 8க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தை வெறும் 16 பைட்டுக்குள் அடக்க வழி செய்கிறது. நாலு மெகாபைட் கால் மெகாபைட்டாகிவிடும். வரைகலைச் சில்லு வரைந்துகொண்டே அதை விரிக்கும். 720க்கு 1,600 புள்ளிகள் உள்ள சாதாரணத் திரையில், விநாடிக்கு 30 முறை என்றால், விநாடிக்கு மூன்றரைக் கோடி புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்க வேண்டும். உள்ளங்கையில் போன் சூடாவது அதனால்தான்.

இப்போது எதிரியைப் பார்ப்போம். அவன் யாழ்ப்பாணத்திலோ ஜகார்த்தாவிலோ இருக்கலாம். அவனுடைய சிறகும் கவசமும் இணையம் வழியாகப் படமாகப் பறந்து வருவதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் 50 பேரின் உடுப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தால் எந்த மலைச் சிக்னலும் தாங்காது. வருவது ஓர் எண் மட்டுமே: இந்த ஆட்டக்காரர் இத்தனையாம் இலக்க உடுப்பை அணிந்திருக்கிறார் என்ற செய்தி. 4 பைட் இருந்தால் 429 கோடி வெவ்வேறு உடுப்புகளுக்கு இலக்கம் கொடுத்துவிடலாம். தமிழில் 'அ' என்ற ஒற்றை எழுத்தைப் போனில் தட்டி அனுப்பவே 3 பைட் தேவை. ஆக, பணக்கார எதிரியின் பட்டாடை டயகமவுக்கு வந்து சேர்வது இரண்டு தமிழ் எழுத்துக்கும் குறைவான இடத்தில். அதுவும் உடுப்பை மாற்றினாலன்றி மீண்டும் அனுப்பத் தேவையில்லை. விநாடிக்குப் பலமுறை பயணிப்பது அவன் நிற்கும் இடமும் பார்க்கும் திசையும்தான்.

அந்த எண் வந்ததும் டயகமப் பையனின் போன் தன் சொந்தச் சேமிப்பைத் திறந்து, அந்த உடுப்பின் முக்கோணங்களையும் படத்தையும் எடுத்து, தன் பட்டரியைச் செலவழித்து வரைந்து காட்டுகிறது. சில விளையாட்டுகள் எல்லா உடுப்புகளையும் முதலிலேயே இறக்கிவைக்கும். சில, தனித்தனிப் பொதிகளாகப் பிறகு இறக்கும். எப்படியானாலும் எதிரியின் மேல் ஓர் உடுப்பை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்றால், அதன் முழு வடிவமும் உங்கள் போனுக்குள் இருக்கிறது. ரீலோட் போட்ட காசில் கரைந்த டேட்டா அதைக் கொண்டுவந்திருக்கிறது. வாங்க முடியாத உடுப்பு, தையலும் சரிகையும் குறையாமல், வாங்காதவனின் கைக்குள்ளேயே இருக்கிறது. அணிந்துகொள்ளத்தான் அனுமதி இல்லை.

அப்படியானால் கொம்பனி விற்பது எதை? எங்கோ ஒரு சேர்வரில், உங்கள் கணக்குக்கு நேரே, இந்த இலக்கம் இவருக்கு உண்டு என்று ஒரு வரி சேர்கிறது. ஓவியரும் அசைவூட்டக் கலைஞரும் மாதக்கணக்கில் உழைத்ததற்குச் செலவு உண்டு. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அது ஒருமுறைச் செலவு. அதன் பிறகு பத்தாவது ஆளுக்கு விற்பதற்கும் பத்துக் கோடியாவது ஆளுக்கு விற்பதற்கும் கூடுதல் தயாரிப்புச் செலவு ஒரு சதமும் ஆகாது. துணிக்கடையில் விலைக்குப் பின்னால் நூல் உண்டு, தறி உண்டு, லொறி வாடகை உண்டு. இங்கே ஒவ்வொரு பிரதிக்கும் பின்னால் அப்படி எதுவும் இல்லை. விலையைக் கீழிருந்து தாங்கும் பொருட்செலவு இல்லாததால், எவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்பது மட்டுமே விலையாகிறது.

அந்த ஆசை எதன் மேல் என்பதைப் பையன்களே ஒரு பரிசோதனையாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். மொட் ஸ்கின் என்று சொல்வார்கள். போனுக்குள் இருக்கும் கோப்புகளை மாற்றி, காசில்லாமலே விலையுயர்ந்த உடுப்பைத் தன் உருவத்தின் மேல் வரவைக்கும் வேலை. அது விதிமீறல், கணக்கு முடக்கப்படும், அந்தக் கோப்புகளோடு தீங்கான செயலிகளும் உள்ளே வரும். அதை விட்டுவிட்டு அதன் விளைவை மட்டும் கவனியுங்கள். மாற்றியவன் திரையில் சிறகு முளைத்துவிடுகிறது. அவன் கண்ணுக்கு எல்லாம் கச்சிதம். ஆனால் சேர்வரில் அந்த வரி இல்லாததால் மற்ற 49 பேருக்கும் அவன் பழைய ஆடமாகவே தெரிகிறான். கொஞ்ச நாளில் அது சலித்துவிடுகிறது. அழகுதான் வேண்டியது என்றால் அது கிடைத்துவிட்டதே! வேண்டியது மற்றவர் பார்வை. கொம்பனி விற்கும் சரக்கு அதுதான். அந்தப் பார்வையைக் கொடுப்பவர்களோ பெரும்பாலும் காசு கொடுக்காதவர்கள்.

இந்தத் தொழிலின் கணக்கும் அதையே சொல்கிறது. 2014இல் ஸ்வெர்வ் என்ற நிறுவனம் போன் விளையாட்டுகளின் வருமானத்தை ஆராய்ந்தபோது, அதில் பாதியைக் கொடுத்தவர்கள் மொத்த ஆட்டக்காரர்களில் 0.15 வீதத்தினர் என்று கண்டது. 50 பேர் ஆட்டம் நாற்பது நடந்தால் 2,000 இடங்கள்; அந்தக் கணக்கில் அவற்றில் 3 பேர் பாதிச் செலவைச் சுமக்கிறார்கள். மற்ற 1,997 பேரில் பெரும்பாலோர் இலவசமாக விளையாடுகிறார்கள் என்று சொல்வது வழக்கம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் அந்த மூன்று பேரின் சிறகைப் பார்க்க ஆளில்லை, ஆளில்லாவிட்டால் சிறகு விற்காது. ஆடமாக வந்து நிற்கிறவன் அங்கே வேலை செய்கிறான். அந்த வேலைக்கு மட்டும் நாட்கூலிப் பேர் போடுவதில்லை.

விலங்கியலில் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. ஆண் மயிலின் தோகை டார்வினை வருடக்கணக்கில் தொல்லைப்படுத்தியது. பறப்பதற்கு இடைஞ்சல், புலிக்கு வசதி, வளர்க்கப் பெருஞ்செலவு. இப்படி ஒன்று இயற்கைத் தேர்வில் எப்படித் தப்பியது? பெண் மயில்களின் தெரிவே காரணம் என்று 1871இல் எழுதினார். 1975இல் இஸ்ரேலிய விலங்கியலாளர் அமோட்ஸ் ஸஹாவி இன்னொரு படி போனார்: தோகை வீண்செலவாக இருப்பதாலேயே அது நம்பத்தகுந்த அடையாளம், நோயாளி மயிலால் அதைச் சுமக்க முடியாது, போலி செய்ய முடியாததே அதன் பெறுமதி. மனிதர் விஷயத்தில் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899லேயே இதைத் தொட்டிருந்தார். சில பொருட்கள் விலை கூடியிருப்பதால்தான் விரும்பப்படுகின்றன, விலை குறைந்தால் விரும்பப்படுவதில்லை. உடுப்பு ஆட்டத்தில் உதவாமல் இருப்பதும் அதன் விலையும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பது இங்கே விளங்குகிறது. உதவாது, விலை அதிகம், எல்லோருக்கும் தெரியும்: மூன்றும் சேர்ந்தால்தான் தோகை. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. மயில் தன் உடம்பிலிருந்து கொடுக்கிறது. அதன் அருமை இயற்கையானது. உடுப்பின் அருமையை ஓர் அலுவலகத்தில் முடிவு செய்கிறார்கள். "இன்னும் மூன்று நாள் மட்டுமே" என்று திரையில் ஓடும் கடிகாரத்துக்குப் பின்னால் தீர்ந்துபோகும் சரக்கு எதுவும் இல்லை.

"வெறும் படம்தானே, அதுக்கு ஏன் அழுகிறாய்" என்று வீட்டில் சொல்வது எளிது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நிக் யீயும் ஜெரமி பெய்லன்சனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதை அவ்வளவு எளிதாக விடவில்லை. மெய்நிகர் அறையில் சிலருக்கு உயரமான உருவமும் சிலருக்குக் குள்ளமான உருவமும் கொடுத்துப் பணம் பங்கிடும் பேரத்தில் உட்காரவைத்தார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் தமக்குச் சாதகமாகத் துணிந்து பேசினார்கள். குள்ள உருவம் கிடைத்தவர்கள் பாதகமான பங்கையும் ஏற்றார்கள். அழகான உருவம் கிடைத்தவர்கள் அந்நியரிடம் இன்னும் நெருங்கிப் போய் நின்றார்கள். சில நிமிடம் அணிந்த உருவமே நடத்தையை மாற்றுகிறது என்றால், தினமும் மணிக்கணக்கில் ஆடமாகவே நிற்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஒன்றும் செய்யாது என்று எப்படிச் சொல்வது? ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை ஆடும் நாடுகளில் 'டிஃபோல்ட்' என்பது பாடசாலை முற்றத்தில் வசைச்சொல்லாகிவிட்டது. சாதாரண உருவத்தில் வருகிறவன் என்பதே அதன் பொருள்.

விலைகள் ஏறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006 ஏப்ரலில் பெதெஸ்டா கொம்பனி தன் ஒப்லிவியன் விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டொலருக்கு விற்றது. உலகமே கேலி செய்தது, ஆனாலும் விற்றது. 2013இல் கவுண்டர் ஸ்டிரைக் விளையாட்டில் துப்பாக்கி வண்ணங்கள் வந்தன. அவை கைமாறும் சந்தையே உருவானது. ஃபோர்ட்நைட் முதல் இரண்டு முழு ஆண்டுகளில் 900 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது, பெரும்பகுதி உடுப்பும் நடனமும் விற்று. 2024இல் லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டு, கொரிய வீரர் ஃபேக்கரைக் கௌரவிக்க ஆரி என்ற பாத்திரத்துக்கு வெளியிட்ட உடுப்புத் தொகுதிகளில் உச்சமானது ஏறத்தாழ 450 டொலர். ஆட்டக்காரர்கள் கொதித்துப்போய், ஆட்டத்துக்கு ஆட்டம் ஆரியையே யாரும் எடுக்க முடியாதபடி விலக்கி எதிர்ப்புக் காட்டினார்கள்.

இதை டயகம அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அதுவும் நிர்வாகம் கேட்கும் கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்கூலி; குறைந்தால் அரைப்பேர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் அன்றைய ஒரு நாள் பேர் நாலரை டொலர். அந்த ஆரி உடுப்பு 100 நாள் பேர். அட்டைக்கடியும் மழையுமாக 100 நாள் மலையில் நின்ற கூலி. டொலரில் விலை போடும் பொருளுக்கு நம் ரூபாயின் வீழ்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. ஃப்ரீ ஃபயருக்குள் உடுப்பு வாங்கும் நாணயமான டைமண்ட் 100 ஏறத்தாழ ஒரு டொலர் என்பதால் ஒரு நாள் கூலி 500 டைமண்டுக்குச் சமம். 2022 மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டபோது அதே 1,000 ரூபாய் 280 டைமண்டுக்கும் குறைவு. உடுப்பில் ஒரு நூல் கூடவில்லை. ஓயாத நாட்டு நெருக்கடி மட்டும் அதன் விலையை ஏற்றிவிட்டது.

கோபத்துக்கு வருவோம். இதைப் பொறாமை என்று சொல்லி முடித்துவிடுவது சரியல்ல. 1986இல் டேனியல் கானமன், ஜேக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மக்களிடம் ஒரு சிறு கதையைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டொலர். பெரும் பனி கொட்டிய மறுநாள் காலை கடைக்காரர் அதை 20 டொலராக்குகிறார். இது நியாயமா? 82 வீதத்தினர் அநியாயம் என்றார்கள். அதே ஆய்வில், கடைக்காரருக்குக் கொள்முதல் விலை கூடியதால் ஏற்றினால் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். மனிதர் விலையின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, காரணத்தையும் பார்க்கிறார்கள். செலவு கூடியது என்றால் பொறுத்துக்கொள்வார்கள். நம் தேவையைப் பார்த்து ஏற்றினான் என்றால் பொறுக்க மாட்டார்கள். பிரதிக்குச் செலவே இல்லாத ஒரு பொருளில், ஏற்றத்துக்கு இரண்டாவது காரணம் மட்டும்தான் மிஞ்சுகிறது. வசதியுள்ள ஆட்டக்காரரும் கொதிப்பது இதனால்தான்.

பார்க்கிறவரால்தான் வேடத்துக்கு மதிப்பு என்பது மலையகத்துக்குப் புதிதல்ல. மாசியில் காமன் கூத்து நடக்கும்போது ரதிக்கும் மன்மதனுக்கும் கட்டும் முடியும் மணியும் சரிகையும் பகலில் பார்த்தால் அட்டையும் காகிதமும்தான். இரவில், தப்புச் சத்தத்தில், தோட்டமே சுற்றி நின்று பார்க்கும்போது அது தெய்வ வேடமாகிறது. அதைக் கட்டியவர் பகலில் கொழுந்து மடுவத்தில் நிற்பவர். அடுத்த வருடம் வேறொருவர் கட்டுவார். பார்க்கிறவர்கள் அந்தக் கூத்தை நடத்துகிறவர்களும்கூட. போனில் பார்ப்பவனின் கண்ணும் அதே வேலையைத்தான் செய்கிறது, மதிப்பு மட்டும் அவன் பக்கம் திரும்பி வருவதில்லை. அவனுக்கு மிஞ்சுவது தான் ஆடம் என்ற நினைவு. கோபத்தின் வேர் இங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன்.

விலை உறுத்துவது போதாதென்று அது மறைத்தும் வைக்கப்படுகிறது. நேரே ரூபாயில் போட்டால் கை தயங்கும். காசு கையை விட்டுப் போகும் வலி என்று பிரெலெக், லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் எழுதியது அதைத்தான். அதனால் நடுவில் டைமண்ட் வருகிறது. காசு போகும்போது உடுப்பு வராது, உடுப்பு வரும்போது காசு போகாது. வலியும் ஆசையும் சந்திக்காமல் பிரித்துவிடுகிறார்கள்.

ஃப்ரீ ஃபயரின் ஃபேடட் வீல் என்ற சுழலட்டையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பரிசுகள், வேண்டாத இரண்டை நீங்களே நீக்கலாம், எட்டு மிஞ்சும். ஒருமுறை வந்த பரிசு மறுபடி வராது, ஆகவே எட்டாவது சுற்றுக்குள் பெரிய பரிசு நிச்சயம். கேட்க நேர்மையாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் விலை ஏறும். பலமுறை வந்த வரிசை இது: 9, 19, 39, 69, 99, 149, 199, 499. முதல் சுற்று மிக மலிவு. மொத்தம் 1,082 டைமண்ட். கடைசிச் சுற்று மட்டும் அதில் கிட்டத்தட்டப் பாதி. எட்டுப் பரிசுக்கும் சம வாய்ப்பு இருந்தால் சராசரியாக 316 டைமண்டுக்குள் பெரிய பரிசு கிடைத்துவிட வேண்டும். சம வாய்ப்பு தரப்படுவதில்லை என்பதால் பெரும்பாலோர் ஏழாம், எட்டாம் படிக்கு இழுக்கப்படுகிறார்கள். ஏழு சுற்று முடித்து 583 டைமண்ட் போன பிறகு, 499க்குத் தயங்கி எழுந்து போகும் பிள்ளை எத்தனை பேர் இருப்பார்கள்?

டைமண்ட் விற்கும் பொதிகளையும் பாருங்கள்: 100, 310, 520, 1,060, 2,180, 5,600. தேவை 1,082, பொதி 1,060. சரியாக 22 குறைகிறது. இன்னொரு 100 வாங்க வேண்டும், 78 மீதியாகும். பெரிதாக எதையும் வாங்கப் போதாத, ஆனால் விட்டுவிட மனம் வராத மீதி. ஏறத்தாழ 11 டொலர், 3,300 ரூபாய், 2024 சம்பளத்தில் இரண்டரை நாள் பேர் போய்விட்டது.

சுழலட்டை அல்லாத சாதாரணக் குலுக்கலில் இன்னொரு மயக்கம் உண்டு. ஒரு வீத வாய்ப்பு என்றால் நூறு தடவையில் வந்துவிடும் என்று பையன்கள் நம்புகிறார்கள், பெரியவர்களும் நம்புகிறார்கள். சாதாரண தர வகுப்பில் படிக்கும் நிகழ்தகவே இதற்குப் போதும். ஒருமுறை கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. நூறு முறையும் கிடைக்காமல் போக, 0.99ஐ நூறு தடவை பெருக்க வேண்டும். விடை 0.366. நூறு பேர் ஆளுக்கு நூறு முறை குலுக்கினால் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 100 பேரில் 95 பேருக்காவது கிடைக்க ஆளுக்கு 299 முறை குலுக்க வேண்டும். சில விளையாட்டுகள் இத்தனையாவது முறை நிச்சயம் என்று ஓர் எல்லை வைத்திருக்கின்றன. அதையும் முன்கூட்டியே தேடிப் படித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும் ஆசிரியர், நாணயத்தையும் தாயக்கட்டையையும் விட இதில் பிள்ளைகள் உன்னிப்பாக இருப்பதைக் காண்பார்.

அரசாங்கங்கள் விழித்தது மெதுவாகத்தான். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் குலுக்கல் பெட்டிகளில் வாய்ப்பு வீதத்தை வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சில விளையாட்டுகளின் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. விரும்பாமலே வாங்கவைக்கும்படி பொத்தான்களை அமைத்ததாக ஃபோர்ட்நைட்டின் எபிக் கொம்பனி மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2022 டிசம்பரில் 24.5 கோடி டொலர் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க எபிக் உடன்பட்டது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அதிகார அமைப்புகள், விளையாட்டு நாணயத்தின் பக்கத்திலேயே உண்மைக் காசில் விலை காட்டப்பட வேண்டும், வேண்டாத அளவு நாணயம் வாங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற கொள்கைகளை வெளியிட்டன. அந்த 22 டைமண்ட் பற்றாக்குறையைத்தான் அது குறிவைக்கிறது. இலங்கை ரூபாயில், இலங்கைப் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும்.

வாங்கிய பிறகும் அது உங்கள் சொத்தல்ல. 2020 செப்டெம்பரில் இந்தியா பப்ஜி மொபைல் என்ற விளையாட்டைத் தடை செய்தது; ஒக்டோபர் 30ஆம் திகதி சேவை நின்றது. தமிழ்நாட்டுப் பையன்கள் காசு கொட்டிச் சேர்த்த உடுப்புகள் அன்றே கைக்கு எட்டாமல் போயின. அடுத்த ஆண்டு பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் அது திரும்பி வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். கொடுத்திருக்காவிட்டால் கேட்க உரிமை இல்லை. விற்கப்படுவது பயன்படுத்தும் அனுமதி மட்டும் என்றே இத்தகைய ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

மேலே சொன்ன விதிகள் எல்லாம் வாங்குகிறவரைக் காக்கின்றன. பார்க்கிறவரைப் பற்றி அவற்றில் ஒன்றும் பேசவில்லை. தன் போனில், தன் டேட்டாவில், தன் பட்டரியில் அடுத்தவரின் சிறகை வரைந்துகொண்டிருப்பவனுக்கு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையாவது இருக்க வேண்டாமா? தொழில்நுட்பத்தில் அது மிகச் சிறிய வேலை. வேர்ல்ட் ஒஃப் டாங்க்ஸ் என்ற போர் வாகன விளையாட்டில் அப்படி ஒரு தெரிவு ஏற்கெனவே உண்டு: வரலாற்றுக்குப் பொருந்தாத அலங்காரங்களைத் தன் திரையில் காட்ட வேண்டாம் என்று ஆட்டக்காரர் அமைத்துக்கொள்ளலாம், மற்றவர் அப்படி எதைப் பூசியிருந்தாலும் அவருக்குச் சாதாரண வாகனமே தெரியும். பொதியை இறக்காதவரின் போனில் விலையுயர்ந்த உடுப்புக்குப் பதிலாகச் சாதாரண உருவம் தெரிவது போன் விளையாட்டுகளிலும் நடப்பதுதான். வரும் எண்ணைப் படிக்காமல் விட்டு ஆடமை வரைந்தால் போதும். போன் சூடும் குறையும், டேட்டாவும் மிஞ்சும். அந்தத் தெரிவு ஒரு பொத்தானாக எல்லா விளையாட்டிலும் வந்து, ஆட்டக்காரரில் பாதிப் பேர் அதை அழுத்திவிட்டால், 450 டொலர் உடுப்பை யார் கண்ணுக்காக வாங்குவார்கள் என்று அதை விற்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.